பெண்கள் பக்கத்துச் சிவப்பு அட்டைகள்

ஜெர்மனியிலுள்ள எங்கள் ஊர்ப் பந்தாட்டக் கழகம் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பெரிய நகரத்துக்குக் குடிபெயராமல் தங்கிவிட்டது ஏன் என்று பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். ரசிகர்களின் எழுச்சி என்றார் ஒருவர். பணக்காரரின் மிதப்புக்கு விழுந்த அடி என்றார் இன்னொருவர். ஒருத்தராவது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தாலும் அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பியிருப்பார் என்பது வேறு விஷயம். அந்தப் பெரிய நகரத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பேக்கரியில் எனக்குப் பாண் விற்கமாட்டார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா கழகத்தின் சலவை அறையில் வேலை செய்தார். பார்வையாளர் மேடைக்குக் கீழே அந்த அறை. அதற்குப் பின்னால், வேலையோடு சேர்த்துக் கழகம் தந்த வீடு. அம்மா சமைக்கிற குசினியின் யன்னலைத் திறந்தால் கோல் கம்பம் தெரியும். கழகத்தின் உடுப்பு வெள்ளைச் சட்டையும் சிவப்புக் காலுறையும். சம்பளத்துக்கு விளையாடுகிற வளர்ந்த ஆம்பிளைகள் சேறும் புல்லுமாகக் கழற்றி எறிந்துவிட்டுப் போவதை அம்மா கூடையில் அள்ளிவந்து, வெள்ளை வேறு சிவப்பு வேறாகப் பிரித்துப் போடுவார்.

ஒருமுறை அம்மா காய்ச்சலில் படுத்துவிட, அப்பா, "இதென்ன பெரிய வேலையே?" என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவித்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை எங்கள் அணி ரோஸ் நிறச் சட்டையோடு மைதானத்தில் இறங்கியது. எதிரணி ஆட்கள் சிரித்த சிரிப்பு எங்கள் குசினிவரை கேட்டது. அதோடு அப்பா சலவை அறைப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

அந்த அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பை அம்மா வீட்டுத் திறப்புகளோடு சேர்க்காமல் தனியாக வைத்திருப்பார். உள்ளே உட்கார ஒரு கதிரை, ஒரு சின்ன வானொலி, தண்ணி கொதிக்கவைக்கும் கேத்தில். அணியின் பயிற்சியாளர்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார். எங்கள் வீட்டுக்குள் யாரும் அம்மாவிடம் கதவு தட்டிக் கேட்டதை நான் கண்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கழகத்துக்குப் பணம் போட்டுவந்த நிறுவனம், அணியை அந்தப் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோகப் போகிறதாம். அங்கே புது மைதானம் தயாராம். ஆனால் இந்த நாட்டில் கழகம் உறுப்பினர்களின் சொத்து. பணம் போட்டவர் நினைத்தபடி தூக்கிக்கொண்டு போக ஏலாது. எங்கள் கழகத்தின் சட்டப்படி, கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு ஆட்கள் ஓம், போகலாம் என்று சொல்லவேண்டும்.

அணி போனால் சலவை அங்கே பெரிய கொம்பனிக்குப் போய்விடும். அம்மாவுக்கு வேலையும் இல்லை, எங்களுக்கு வீடும் இல்லை. அப்பா இதற்குத் துளியும் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால் அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதே பெரிய நகரத்தில் அவருடைய அண்ணன், என் பெரியப்பா, பலசரக்குக் கடை வைத்திருந்தார். மேல்மாடி காலி. அப்பா உணவகக் குசினியில் வெந்து சாகாமல் அண்ணனோடு கடையில் நிற்கலாம். "இஞ்சரும், நீரும் அண்ணியோட கடையில நிக்கலாம். தனியக் கிடந்து ஊத்தைத் துணி தோய்க்கத் தேவையில்லை" என்றார். அம்மா, "ம்" என்றார். பெரியம்மா வீட்டுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் அம்மா பின்குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பதும், பெரியம்மா வாசலில் நின்று, "அதை இன்னொருக்கா அலசும்" என்று சொல்வதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அதைப் பெரிதாக நினைக்கத் தெரியாத வயது எனக்கு.

எனக்கு என் கவலை. நான் கழகத்துச் சிறுமிகள் அணியில் கோல் காப்பவள். புது ஊரில் யார் என்னைக் கோலுக்குள் விடுவார்கள்? சலவை அறையில் போய் நின்று அழுதேன். "எனக்குப் போக விருப்பமில்லை அம்மா." காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: "விருப்பமோ? உன்ர விருப்பத்தை ஆர் கேட்டது? மூக்கைத் துடை." எனக்கு வந்த கோபத்தில் ஒரு கூடையை உதைத்துவிட்டு ஓடினேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கழகத்தில் எங்கள் தமிழ்ச் சனம் நிறைய உறுப்பினர்களாக இருந்தது. பந்தாட்டத்தில் உள்ள ஆசையால் இல்லை. கழகத்துக்கு ஒரு நல்ல மண்டபம் உண்டு. அதை உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும், பிறந்தநாளுக்கும், பெண்பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்தியவீட்டுக்கும் மண்டபம் வேண்டுமே! தமிழ்ப் பள்ளியை நடத்திய என் மாமா, அம்மாவின் தம்பி, புருசன் பெண்சாதி என்று வீடு வீடாகப் போய் எல்லாரையும் சேர்த்துவிட்டிருந்தார். ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்க்காத ஒரு பெருங்கூட்டம் அந்தக் கழகத்தின் தலைவிதியைக் கையில் வைத்திருந்தது. அது எங்களுக்கே தெரியாது.

நிறுவனத்து ஆளுக்குத் தெரிந்திருந்தது. நல்ல கோட்டுப் போட்ட மனிசன், தமிழ்ப் பள்ளிக்கே வந்துவிட்டார். உளுந்து வடையை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டார். அணி போய்விட்டால் மண்டபம் சும்மாதானே கிடக்கும், நீங்களே திறப்பை வைத்திருங்கள் என்றார். மாமாவுக்குத் தலை கால் புரியவில்லை. அன்றைக்கே முடிவாகிவிட்டது: எங்கட சனம் எல்லாம் பச்சை. பச்சை அட்டை என்றால் அணி போகலாம், சிவப்பு என்றால் போகக் கூடாது.

பெண்களில் பலருக்குக் கூட்டத்தில் பேசுகிற டொச், அந்த ஜெர்மன் மொழி, விளங்காது என்று மாமா பயந்தார். அம்மாவுக்குத்தான் கழகத்து ஆட்களோடு பேசிப் பழக்கம். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அக்கா முன்வரிசையில இருப்பா. அவ எதைத் தூக்கிறாவோ அதைத் தூக்குங்கோ, சரியோ?" என்றார். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். அம்மாவும் தலையாட்டினார்.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியே ரசிகர்கள் முரசடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் நுழைந்ததும், கோயிலிலும் கலியாண வீட்டிலும் இருப்பதுபோல, யாரும் சொல்லாமலே ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமுமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஜெர்மன்காரர் சிலர் குழம்பிப்போய்ப் பார்த்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மா தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அம்மாவின் மடியில் இரண்டு அட்டைகள்.

நிறுவனத்து ஆள் பேசினார். ஒரு கிழவர் எழுந்து, இந்த மைதானத்தில்தான் தன் மனைவியைச் சந்தித்ததாகச் சொல்லி அழுதார். அவரைச் சிலர் கூவி இருத்தினார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அந்தக் கிழவர் பக்கம். ஆனால் என்னிடம் அட்டை இல்லையே! அப்பா மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். காலையிலேயே பெரியப்பாவுக்குத் தொலைபேசியில், "பின்னேரம் நல்ல செய்தி சொல்லுறன் அண்ணை" என்று சொல்லியிருந்தார்.

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டினார். அது கீச்சிட்டது. அட்டையைத் தூக்குங்கள், எண்ணி முடியும்வரை இறக்கவேண்டாம் என்றார். ஜெர்மன்காரர் வரிசைகளில் சிவப்பும் பச்சையும் கலந்து எழும்பின. எங்கள் ஆண்கள் பக்கம் முழுக்கப் பச்சை. பெண்கள் பக்கம் ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அம்மா சிவப்பைத் தூக்கினார்.

ஐயோ, மாறித் தூக்கிவிட்டாரே! நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் மற்றக் கை என் தொடையை இறுக்கிப் பிடித்தது. நகம் பதிந்தது. பயந்துபோனார் பாவம், கூட்டம் கண்டு நடுங்குகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். பின்னால் வரிசை வரிசையாகச் சிவப்பு. பட்டுச் சேலையும் குளிர்ச் சட்டையுமாக எங்கள் மாமிமார், அக்காமார் எல்லாரும் வலு நம்பிக்கையோடு கையை உயரப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா பாதிக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "அக்கா! அக்கா! பச்சை! மற்றது!" அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக வந்தார்கள். இப்போது சொன்னால்கூட மாற்றலாம். நான் சொல்லவேண்டும். சொன்னால் நாங்கள் போய்விடுவோம், என் கோல் கம்பம் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டேன். எண்ணுகிற பெண் எங்களைக் கடந்து போனதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நாலில் மூன்று பங்கு வரவில்லை. தலைவர் சொல்லி முடிக்கமுதல் வெளியே முரசு வெடித்தது. அழுத கிழவர் முன்பின் தெரியாத என் மாமி ஒருத்தியைக் கட்டிப்பிடித்தார், மாமி வெலவெலத்துப்போனார். கோட்டுப் போட்ட மனிசன் வடை சாப்பிட்ட கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலில் மாமா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "என்ன அக்கா செய்தனி? திறப்பு கைக்கு வந்தது, போச்சே!"

"ஐயோ தம்பி, மைக் இரைஞ்சது, ஒண்டும் விளங்கேல்லை. சிவப்பெண்டால் எங்களுக்கு மங்களம்தானே, அதுதான் ஓமாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆண்கள் முதலில் திட்டினார்கள், பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். ஊத்தைத் துணி தோய்க்கிறவவுக்குக் கூட்டம் விளங்குமே என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே தொலைபேசியிடம் போனார். பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, "என்ர மனிசி நிறம் மாறித் தூக்கிப்போட்டாள் அண்ணை" என்று சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அம்மாவை நினைத்து அழுகையாக வந்தது.

மறுநாள் பாடசாலையால் வந்தபோது சலவை அறைக்குள் அம்மா வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். வெட்கத்தை மறைக்கத்தான் பாடுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். நிறுவனம் பணத்தை எடுத்துக்கொண்டு போனது, அணி ஒரு படி கீழே இறங்கியது, நாங்கள் அதே வீட்டில் இருந்தோம். மாமா அம்மாவைப் பல வருடம் "சிவப்பு அட்டை" என்றே கூப்பிட்டார். கலியாண வீடுகளில் இந்தக் கதை வராமல் சாப்பாடு முடியாது. அம்மாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். நான் மட்டும் உள்ளுக்குள் நெஞ்சை நிமிர்த்துவேன். அம்மா பிழை விட்டார், நான் வாயை மூடிக் கழகத்தைக் காப்பாற்றினேன் என்பது என் எண்ணம்.

போன வருடம் வேலை கிடைத்து பிராங்பேர்ட்டில் தனியாக ஒரு அறை எடுத்தேன். முதல் கிழமையே என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோஸ் நிறமாக மெசினுக்குள்ளிருந்து வந்தன. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சிவப்பையும் வெள்ளையையும் ஒண்டாப் போட்டனியோ? விசரி! அப்பனைப்போல பிள்ளை. நான் இவ்வளவு வருசமா சலவை அறையில நிக்கிறன், ஒரு நாளாவது நிறம் மாறிப் போட்டிருப்பனே?"

சொல்லிவிட்டு அம்மா நிறுத்தினார்.

"அம்மா," என்றேன். "அப்ப அண்டைக்கு மண்டபத்தில..."

"அப்பா பக்கத்தில இருக்கிறார்" என்றார் அம்மா, மெல்லிய குரலில். "போனை வை."

வைத்துவிட்டேன். என் தொடையில் அந்த நகங்கள் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கை நடுங்கவே இல்லை.