பர்கர் கடையில் கேட்ட விசில்

எங்கள் தெருமுனைப் புளியமரத்தடியில் வண்டி நிறுத்தப் பலரும் யோசிப்பார்கள். நான் இருபது வருடமாக அங்கேதான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். காக்கை எச்சத்தைத் தவிர வேறு எதுவும் என் மேல் இறங்கியதில்லை. அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன், கேளுங்கள். சிரிப்பதாக இருந்தால் கடைசியில் மொத்தமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டரை மணி. பேய் வருகிற நேரமா இது என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்கிறேன். பெரம்பலூர் பைபாஸில் புதிதாக ஒரு பர்கர் கடை, பழைய காலத்துப் பாணியாம். தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம், இருக்கையெல்லாம் சிவப்பு ரெக்ஸின். வால்வு ரேடியோ, எண்களைச் சுழற்றுகிற டெலிபோன், கிராமபோன் குழாய் என்று என் தலைமுறை காயலான் கடைக்குப் போட்ட அத்தனையும் சுவரில் மாட்டியிருந்தது. ஓரமாக ஆணி அடித்தால் என்னையும் மாட்டிவிடலாம்.

நாங்கள் போனது என் மகள் கயலின் கல்யாணப் பேச்சுக்கு. "தட்டு தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன், வெளியில எங்கயாவது பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். பையன் பிரவீன் அவளோடு வேலை பார்க்கிறவன், செட்டிகுளத்துக்காரன். ரெண்டு பேருக்கும் பிடித்துப்போய் ஒரு வருடம் ஆகிறது, பெரியவர்கள் சரி சொல்வதுதான் பாக்கி. அவர்கள் செட்டிகுளம், நாங்கள் அரியலூர், பாதி வழியில் பெரம்பலூர். இதற்கு முன் வந்த ஒரு வரன் என் நாக்கால்தான் போனது. மாப்பிள்ளையின் மாமா தலையில் இருந்தது விக் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே வரும் வழியிலேயே கயல் சொல்லிவிட்டாள். "அப்பா, இன்னைக்கு நீ வாயத் தொறந்தா அது சாப்புட மட்டுந்தான். இது போச்சுன்னா உன்கிட்ட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

பையனின் அப்பா சின்ன வெங்காய விவசாயி. பர்கரைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு, "இது நம்மூரு வெங்காயமில்லண்ணே, பெல்லாரி" என்று தீர்ப்பு சொன்னார். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. பையனின் அம்மா தன் பர்கரைக் கையில் எடுத்தார், பன்னின் தலையைப் பார்த்தார், அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல எள்ளா?"

பிரவீனுக்கு முகம் செத்துவிட்டது. அந்த அம்மா நகத்தால் எள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் காகிதத்தில் வைக்க ஆரம்பித்தார். என் மனைவி சாந்தி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மிரட்டல் இருந்தது. ஆனால் எனக்கு நாக்கு அரிக்கத் தொடங்கிவிட்டதே! 'எங்கப்பா திவசத்துக்குக்கூட புரோகிதர் இவ்ளோ எள்ளு கேக்கலீங்க.' வாக்கியம் முழுதாகத் தயார், வாயும் திறந்தாகிவிட்டது.

ஒரு விசில். ஒற்றை விசில், என் இடது காதுக்குப் பக்கத்தில்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பஸ் கண்டக்டர், அரியலூர் பெரம்பலூர் ரூட்டிலேயே தேய்ந்தவர். ரிடையரான பிறகும் விசில் கழுத்தில்தான் கிடந்தது. நான் அளவு மீறிப் பேசினால் ஒற்றை விசில்: நிறுத்து. குடும்பத்தோடு கிளம்பத் தாமதமானால் ரெட்டை விசில்: போலாம். பேத்தி கல்யாணத்துக்குத் தனி பஸ் பிடித்து, தானே விசில் ஊதிக் கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், இறந்து மூன்று வருடமாகிறது. விசில் ஒரு தகர டப்பாவில், எங்கள் வீட்டு பீரோவுக்குள். பீரோ சாவி சாந்தியின் கைப்பையில்.

எனக்குப் பிரமை என்றுதான் நினைத்தேன். ஆனால் பையனின் அப்பா நிமிர்ந்து, "இங்க ஏதுண்ணே பஸ்ஸு?" என்றார்.

நான் வாயை மூடினேன். அம்பத்து மூன்று வருடப் பழக்கம், உடம்பு தானாகக் கட்டுப்பட்டது.

அந்த இடைவெளியில் கயல் எட்டி, அந்த அம்மாவின் பன்னை எடுத்து, டிஷ்யூ காகிதத்தால் ஒரே துடைப்பாகத் துடைத்து மொட்டையாக்கி நீட்டினாள். "இப்பச் சாப்புடுங்கத்த, மொட்ட அடிச்சாச்சு."

அந்த அம்மா ஒரு நொடி முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். "வாயி அப்பன மாரி போலருக்கு!" நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைக் கவனிக்கவும்.

சாப்பிட்டு முடித்தோம். இனி யாராவது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். முதலில் பேசுவது யார் என்று ரெண்டு பக்கமும் சாஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது கேட்டது, ரெட்டை விசில். அவசரமே இல்லாமல், அளந்து ஊதியது மாதிரி.

வருடக்கணக்காக வெங்காய மூட்டையோடு பஸ்ஸில் போய்வந்த பையனின் அப்பா, யோசிக்காமலே, "ரைட்டு, போலாம்!" என்றார். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார். அந்த அம்மா, "அதான் அவரே சொல்லிட்டாரே, தேதி பாருங்க" என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

கிளம்பும்போது கடைக்காரரிடம் கேட்டேன். "விசிலா? இது பர்கர் கடை சார், குக்கரே கெடையாது. பைபாஸ்ல பஸ்ஸும் நிக்காது" என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெயில் ஜாஸ்திங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையை மடித்து வைக்க சாந்தி பீரோவைத் திறந்தாள். நான் டப்பாவை எடுத்துத் திறந்தேன். விசிலின் வாயில் ஒரு எள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க சட்டையிலேருந்து உதுந்திருக்கும்" என்றாள் சாந்தி. இருக்கலாம். தை மாதம் கல்யாணமும் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இப்போதும் மாதம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போய், மொட்டை பன்னாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

திதிக்கு அப்பாவுக்கு நான் இறைக்கிறது கறுப்பு எள். இது வெள்ளை, லேசாக வறுபட்டது. அதுகூடப் பரவாயில்லை, சட்டையிலிருந்தே உதிர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஆனால் எள் எவர்சில்வர் விசிலில் சும்மா ஒட்டாது. அதற்கு ஈரம் வேண்டும். நான் தொட்டுப் பார்த்தேன், இருந்தது.