அரை மணி நேர வேலை

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், திருநீற்றுச் சம்படத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறது. பிரித்தால் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புத் துண்டு. அடியில் நாலைந்து கம்பிக் கால்கள், அதில் ஒன்று வளைந்திருக்கும். லேப்டாப்பில் ஹெட்செட் சொருகுகிற ஓட்டை அது. கடையில் ஜாக் என்பார்கள். சாமிக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளா இது என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். நான் மடித்துத் திரும்ப அங்கேயே வைத்துவிடுவேன்.

அண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்பென்னாத்தூர் ரூட்டில் அவருக்கு விசிலே வேண்டாம், ‘ரைட்’ என்றால் பின்னால் வருகிற பஸ்ஸும் கிளம்பிவிடும் என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட குரல். நாங்கள் ஒரே வீட்டில், அவர் முன்பக்கம், நான் பின்பக்கம். அவருக்கு ஒரே பையன். துபாய்க்கு வேலைக்குப் போனவன், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். போட்டோதான் வந்தது. அண்ணன் அந்தக் கவரை அண்ணி கையில் கொடுத்து, “இனிமே அவனும் நானும் பேசறதுக்கு ஒண்ணுமில்ல” என்றார். கத்தவில்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். நாலு வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். பையனிடமிருந்து போன் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

பிறகு பையன் ஒரு பழைய லேப்டாப்பை யாரிடமோ கொடுத்து அனுப்பினான். நெட் போட்டுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணி அதன் முன்னால் உட்காருவார். ஸ்பீக்கரில் பையன் குரல் கூடம் முழுக்கக் கேட்கும். அண்ணன் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரை விரித்தபடி இருந்தார். பேச்சு முடிகிற வரை ஒரு பக்கமும் புரளவில்லை. ஒரு வாரம் அவன் பல்வலி என்றான். மத்தியானம் சாப்பிடும்போது அண்ணன் ரசத்தைப் பார்த்துச் சொன்னார்: “பல்வலிக்குக் கிராம்புத் தைலந்தான். யாருக்காவது ஆவும்.” அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த ஞாயிறு அவன் “இப்ப வலி கம்மிம்மா” என்றதும் பேப்பர் லேசாக ஆடியது. அப்பன் வாயால் பேசாவிட்டாலும் காதால் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

ஆயுத பூஜை சமயத்தில் தெருவில் மைக் செட் அலறிக்கொண்டிருந்ததால், அண்ணி ஹெட்செட் போட்டுப் பேசினார். அடுப்பில் பால் பொங்கியது. காதில் மாட்டியதை மறந்து எழுந்து ஓடினார். ஒயர் வெடுக்கென்று இழுபட்டது. அன்றிலிருந்து ஒயரை எடுத்துவிட்டாலும் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. ஹெட்செட்டில் மட்டும் கேட்டது. அண்ணிக்கு அது போதுமாக இருந்தது. கூடத்தில் இப்போது பாதிப் பேச்சுதான். “அப்படியா... எப்போப்பா... சரி சரி.” அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்பது அண்ணி காதோடு போயிற்று. ஒரு நாள் அண்ணி ஹெட்செட்டைக் கழற்றி அண்ணன் பக்கம் நீட்டினார். “எனக்கெதுக்கு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார். “அந்தப் பொட்டி ஏன் வாய மூடிக்கிச்சு?”

“ஜாக்கு போயிடுச்சுண்ணா. ஹெட்செட்ல கேக்குது, அண்ணிக்கு அது போதும்.”

“போதும்னா போதும்” என்றார்.

அதற்கு மேல் அவரால் கேட்க முடியாது. ரிப்பேர் செய்யச் சொன்னால் இத்தனை நாள் ஒட்டுக் கேட்டது வெளியாகிவிடும். இது எனக்கு உடனே உறைக்கவில்லை. சில வாரம் கழித்துத்தான் ஜன்னலோர நாற்காலியைக் கவனித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தரைக்கல் அளவு நகர்ந்து, அண்ணி முதுகுக்குப் பின்னால் வந்திருந்தது. ஹெட்செட்டிலிருந்து கசிகிற சத்தத்துக்காக.

தெரிந்த பிறகும் நான் தள்ளிப்போட்டேன். கோயில் பக்கத்தில் எனக்குக் கற்பூரம், அகல் விற்கிற கடை. கார்த்திகைத் தீபத்துக்கு ஆள் ஜாஸ்தி வருகிற நேரம், தீபம் முடியட்டும் என்று இருந்தேன். ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். அடி அண்ணாமலையில் நின்று, அப்பனும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளணும் சாமி என்று கண்ணீர் விட்டு வேண்டினேன். பதினாலு கிலோமீட்டர் நடந்த கால், நாலு தெரு தள்ளி இருக்கிற ரிப்பேர் கடைக்கு நடக்கவில்லை.

தீபம் முடிந்த திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். திருவூடல் தெருவில் ஒரு மாடிக் கடை. கடைக்காரர் பிரித்துக் காட்டினார். ஜாக்குக்குள் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. ஹெட்செட் பின்னைச் சொருகினால் விலகும், எடுத்தால் பழைய இடத்துக்கு வரும். இழுத்த இழுப்பில் அது விலகியே நின்றுவிட்டது. “உள்ள இன்னும் யாரோ கேட்டுக்கினு இருக்காங்கன்னு நெனச்சிக்கினு இது வெளிய பேச மாட்டேங்குது சார்” என்றார். சென்னையிலிருந்து புது ஜாக் வரவேண்டும், வெள்ளிக்கிழமை வந்துவிடும், வந்தால் அரை மணி நேர வேலை என்றார். வீட்டுக்கு வந்து, அண்ணன் காதுபட அண்ணியிடம் இதைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்த அண்ணன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பையன் வந்து சேர்ந்தான். “அப்பா” என்று அவன் கூப்பிட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அதற்கு ஸ்பீக்கர் வேண்டியிருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, பையனும் ஊருக்குப் போன பிறகு லேப்டாப்பை வாங்கப் போனேன். கடைக்காரர் பாட்டுப் போட்டுக் காட்டினார். கணீரென்று கேட்டது. பழைய ஜாக்கைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தபடி, “பெரியவரு ஒருத்தர் வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து கேட்டாரு சார், உங்க அண்ணன்னாரு” என்றார். படியேறி மூச்சு வாங்க நின்றாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகிவிடுமா என்று கேட்டாராம். பிறகு போகப் போனவர் திரும்பி வந்தாராம்.

“நாற்காலியில ஒக்காந்த எடத்துலேர்ந்தே நான் பேசினா, அந்தப் பக்கம் கேக்குமான்னாரு. நல்லா கேக்கும், கிட்டகூட வர வேணாம்னு சொன்னேன். சந்தோஷமா போனாரு.”

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் பையன், “அப்பா கடைசி வரைக்கும் எம்மேல கோவமாத்தான் இருந்தாரா சித்தப்பா?” என்று கேட்கிறான். இல்லப்பா என்று மட்டும் சொல்வேன். முழுசும் சொன்னால் நான் தள்ளிப்போட்ட வாரங்களையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்று காலை விளக்கேற்றிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். தீபத்துக்கு அவன் குடும்பத்தோடு வருகிறான். கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, தீபம் முடியட்டும், நிதானமாகச் சொல்லலாம் என்று மனசு சொன்னது. மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. திருநீறு பூசிக்கொண்டேன். ஜாக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்பக்கம் போய், அண்ணியை ஜன்னலோர நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.