இடது பக்கம் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை

என் மகளுக்குக் கோழிக்கோட்டில் வேலை கிடைத்தது. கடல் மீன்களை ஆராயும் கூடத்தில். திங்கட்கிழமை காலை சேர வேண்டும்.

‘மாசத்துக்கு ஒருவாட்டியாவது நேர்ல போய்ப் பாக்க முடியலன்னா அவ அங்க போவவே வேணாம்’ என்று என் மனைவி சொல்லிவிட்டாள். ரயிலா பஸ்ஸா என்று மகள் யோசிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. ‘அதான் கார் இருக்கே. நெனச்சா நான் கூட்டிட்டுப் போறேன்.’

‘சரி. மொதல்ல இவளயே கார்ல கொண்டுபோய் விடுங்க. ஒழுங்கா போய்ச் சேந்தா வேல. இல்லன்னா மூணு பேரும் ஊருக்குத் திரும்பிடுவோம்.’

இப்படியாக, மகள் நான்கு சுற்று நேர்காணலில் வாங்கிய வேலை என் ஸ்டீயரிங்கில் வந்து தொங்கியது.

நான் ஐம்பத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்றவன். திருவண்ணாமலையில் புது வண்டியைக் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று விடுவது வழக்கம். நான் ஒன்றோடு நிற்கவில்லை. எட்டு மாதமாகத் தினமும் விடியற்காலையில் ஒரு சுற்று. புண்ணியத்துக்குப் புண்ணியம், பழக்கத்துக்குப் பழக்கம். சாமியார், மாடு, சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரர் என்று யாரையும் உரசாமல் ஓட்டியதில் எனக்கே என்மீது மரியாதை வந்திருந்தது. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வலம் வருகிறவனுக்கு மலை எப்போதும் வலது பக்கம்தான். எட்டு மாதமாக என் கை வலது பக்கம் திரும்ப மட்டுமே கற்றிருந்தது.

சேலம், ஈரோடு வரை சாலை நேராகப் போனதால் குட்டு உடையவில்லை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்தபின் திம்பம் மலையடியில் ஒரு பலகை நின்றது: இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவு வலது. அழகாகத் திரும்பினேன்.

‘பாத்தியா?’ என்றேன் பின்சீட்டைப் பார்த்து.

‘ரோட்டப் பாருங்க’ என்றாள் மனைவி.

அடுத்தது இடது. சாலை செங்குத்தாக ஏறி என் தோளுக்குப் பின்னால் எங்கோ போயிற்று. கை வலது பக்கமே போனது, கால் பிரேக்கில் ஏறி நின்றது, வண்டி குலுங்கி அணைந்தது. உடம்பில் வாய் ஒன்றுதான் வேலை செய்தது. ‘வியூ நல்லாருக்குல்ல? போட்டோ எடுத்துக்கங்க’ என்றேன்.

‘பா, நடு வளைவுல நிக்கறோம்’ என்றாள் பக்கத்தில் இருந்த மகள்.

பின்னால் நின்ற தக்காளி லாரியின் டிரைவர் இறங்கி வந்தார். ‘ஏனுங்ண்ணா, வண்டி ரிப்பேருங்களா?’

‘வண்டி நல்லாத்தாங்க இருக்கு. நான்தான் ரிப்பேரு.’

அவர் சிரித்துவிட்டு, மேலிருந்து வரும் வண்டிகளை நிறுத்தி வைப்பதாகச் சொல்லி வளைவுக்கு நடந்தார். மகள் என் பக்கம் சாய்ந்து, ‘பா, ப்ளீஸ் பா’ என்றாள், அம்மாவுக்குக் கேட்காத குரலில்.

அப்போது பின்கதவு திறந்தது. மனைவி இறங்கினாள். ஊருக்கு நடந்தே போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முன்கதவைத் திறந்து மகளிடம், ‘நீ பின்னாடி போ’ என்றாள். அந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தாள்.

‘இருபது வருஷமா ஒங்க ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்தும் உயிரோட இருக்கேன். நான் சொல்றத மட்டும் கேளுங்க. எடுங்க வண்டிய. ஒடிங்க... இன்னும் ஒடிங்க... போதும், நேராக்குங்க!’

வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. அடுத்த இடது வளைவுக்கும் குரல் கொடுத்தாள், அதற்கடுத்ததற்கும். பத்தாவது வளைவுக்குள் எதிரே வந்த லாரிகளுக்கும் கட்டளை போட ஆரம்பித்துவிட்டாள். உச்சியில் டீ குடித்தபோது தலைமுடி கலைந்து கிடக்க, ‘அவ்ளோதானா?’ என்று கேட்டாள்.

பந்திப்பூர்க் காட்டைத் தாண்டி முத்தங்கா காட்டில், சாலை ஓரமாகவே ஒரு யானை மூங்கில் ஒடித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ‘மூச்சு வுட்டுக்கிட்டே ஓட்டலாம், ஆன ஒண்ணும் சொல்லாது’ என்றாள் மனைவி. வயநாட்டுத் தேயிலைச் சரிவுகளுக்குப் பின் தாமரச்சேரி மலையில் ஒன்பது வளைவுகள். இறங்கும்போது இரண்டு இடது வளைவுகளில் அவள் குரல் வருவதற்கு முன்பே நானாகத் திரும்பினேன். யாரும் பாராட்டவில்லை.

கோழிக்கோட்டுக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. மகள் கடலைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். திம்பத்தில்கூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை. மனைவி உப்பில் ஊறிய நெல்லிக்காய் ஒன்றை வாங்கி, நிதானமாகக் கடித்து, கொட்டையைத் துப்பினாள்.

‘நாளைக்கு எத்தன மணிக்கு ஆபீசு? அந்தப் பச்ச சுடிதாரு கசங்கியிருக்கும், இஸ்திரி போடணுமே’ என்றாள்.

மகள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

‘வுடுடி, மேலெல்லாம் உப்பு’ என்றவள் என் பக்கம் திரும்பினாள். ‘அடுத்த மாசம் வரும்போது நான் மொதல்லருந்தே முன்னாடி உக்காந்துக்கறேன்.’