இம்ப்ரஷனிஸ்ட்டுன்னா என்ன அண்ணாச்சி?

தொண்டைய வச்சுப் பொழைக்கது லேசுப்பட்ட பொழப்பு இல்ல. என்னைய மாதிரி மைக்க நம்பிச் சீரழியுத மக்களே, மிமிக்ரிக்காரன் வந்துட்டான், இப்ப நாலு நடிகரு பேசுவாங்க, ரெண்டு நாய் கொரைக்கும்னுதான காதத் தீட்டி வச்சிருக்கீங்க? அதெல்லாம் கெடையாது. இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அது என்னையப் படுத்துன பாடு.

பேரு வச்சது

குத்தாலத்துல புதுசா வந்த ரிசார்ட்டுல சீசன் முழுக்க சனிக்கெழமை தோறும் ப்ரோக்ராமாம், ஆள் தேடுதாங்கன்னு சேதி. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூப்புடுததும் கொறஞ்சு போச்சு. இப்பம்லாம் எல்லாக் கொரலும் செல்போன்லயே வந்துருது. இதையும் விட்டா தொண்டையக் கழத்தி வச்சிட்டு உக்கார வேண்டியதுதான்.

தென்காசியில ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்க செல்வம்கிட்ட போனேன். மிமிக்ரின்னு போட்டா வாசல்லயே நிறுத்திருவான், இங்கிலீஷ்காரன் இதுக்கு வேற வார்த்தை வச்சிருக்கான்னு போன நோண்டி எடுத்தான்: இம்ப்ரஷனிஸ்ட். அடுத்தவன் பேச்ச, நடைய, சாடைய அப்பிடியே செஞ்சு காட்டுதவனாம். கம்பீரமாத்தான் இருந்துச்சு. ஒரு போர்ட ரிசார்ட்டுல குடுத்துட்டு, இன்னொண்ண வீட்டு கேட்டுல கட்டுனேன். எம்பொண்டாட்டி தண்ணிக்கொடத்த எறக்கி வச்சிட்டு எழுத்துக் கூட்டி வாசிச்சா.

"பேரு மாறிட்டு, சரி. தொண்டையும் மாறிட்டா?"

பல்லு

அச்சன்புதூர்ல இருந்து ஒரு பிள்ள, மாமனார ஆட்டோவுல கூட்டிட்டு வந்து எறங்குச்சு. பல்செட்டுக்கு இம்ப்ரஷன் எடுக்கணும்னு டாக்டரு சொல்லிவிட்டிருக்காரு. என் போர்டப் பாத்ததும் இங்கனதான்னு நெனச்சிட்டு. பெரியவரு உக்காந்த ஒடனே வாயத் தொறந்துட்டாரு.

நான் அளவெடுக்க ஆளு இல்லம்மான்னு எவ்வளவோ சொல்லுதேன், பிடிபடல. சரி, செஞ்சே காட்டிருவோம்னு உதட்ட உள்ள மடக்கி, பொக்கைவாய்த் தாத்தா மாதிரி நாலு வார்த்தை பேசுனேன். பெரியவரு தொறந்த வாய மூடிட்டு மருமக பக்கம் திரும்புனாரு.

"ஏட்டி, இவனே பல்லில்லாம கெடக்கான். எனக்கு எங்கன கட்டப் போறான்?"

ரேகை

கடையத்துல இருந்து ரிட்டயர்டு ஏட்டையா ஒருத்தரு. பாகப்பத்திரத்துல இருக்கது தன் அண்ணன் பெருவெரல்தானான்னு பாத்துச் சொல்லணுமாம். போலீஸ்காரருக்கு இம்ப்ரஷன்னா ரேகை. நான் கொரல மாத்துதவன்யான்னு சொல்லி, இன்ஸ்பெக்டர் மாதிரி ஒரு அதட்டு அதட்டிக் காட்டுனேன். முப்பது வருசம் அதட்டு வாங்குன மனுசன், அசையவே இல்ல.

"கொரலு கெடக்கட்டும் வே. வெரலு தெரியுமா, தெரியாதா?"

ரிசார்ட்டு

ஒரு வழியா கூப்பிட்டுட்டாங்க. சாரல்ல நனைஞ்சுக்கிட்டே போயி நின்னா, மேடையில மூணுகால் ஸ்டாண்டு, அதுல வெள்ளைத்தாளு, பக்கத்துல கலர் டப்பா. மேனேஜரு செங்கோட்டைக்கு அந்தப்பக்கம், மலையாளத்து ஆளு, படிச்சவரு. அவருக்குத் தெரிஞ்ச இம்ப்ரஷனிஸ்ட், பனிமூட்டம் மாதிரி கலர அப்பிப் படம் போடுத ஓவியனாம். அருவிய வரைஞ்சு வந்தவங்களுக்குக் குடுக்கலாம்னு இருந்திருக்காரு. அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் உண்டுன்னு போனத் தொறந்து காட்டிச் சமாளிச்சேன். சரி சாரே, ஆளுக சிரிச்சா சீசன் பூரா நீங்கதான்னுட்டாரு.

பழைய வில்லனு பேசுனாரு. பட்டிமன்ற நடுவரு பேசுனாரு. ரயில்வே ஸ்டேசன்ல வண்டி லேட்டுன்னு சொல்லுத அம்மாவும் பேசுனாங்க. அருவிச் சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு. கடைசியா உயிரக் கையில பிடிச்சிக்கிட்டு, இப்பம் பேசுனது யாருன்னு சொல்லுங்க பாப்போம்னு கேட்டேன். தூணோரமா தலையத் தொவட்டிக்கிட்டு நின்ன வேன் டிரைவரு, பாவம், மனசுல பட்டதச் சொல்லிட்டாரு.

"அண்ணாச்சி, மொதல்ல இருந்தே நீங்கதான பேசுதீய?"

அன்னைக்கோட எனக்கு சீசன் முடிஞ்சிட்டு மக்களே, அடுத்தவன் மாதிரி பேசுதவனுக்கு இங்கிலீஷ்ல பேரு இருக்கு, அடுத்தவனையெல்லாம் தன்னைய மாதிரியே பேச வைக்கவனுக்கு என்ன பேருன்னு செல்வம்தான் போன நோண்டிச் சொல்லணும்.