மூடாத வாய்

பெரிய கிண்ணம் ஒன்று, கரண்டி ஒன்று, டிவிக்கு முன்னே வரிசையாக ஏழு குட்டி நாற்காலிகள். குழந்தைகள் காப்பகத்தில், எல்லாரும் பெரிம்மா என்று கூப்பிடும் ஆயாவின் கை ஓயாமல் ஊட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையை முடித்துவிட்டு அடுத்த பிள்ளை. பதினெட்டு வருடப் பழக்கம். முன்பெல்லாம் ஒவ்வொரு வாய்க்கும் ஊர்க்கதை பேச வேண்டும். டிவி வந்த மூன்று மாதமாகக் கரண்டி அருகே போனாலே வாய்கள் தாமாகத் திறந்தன. அந்தத் தைரியத்தில்தான் கூட இருந்த இன்னொரு ஆயாவை நிர்வாகியம்மா வேலையை விட்டு நிறுத்தினாள்.

நாலாவது பிள்ளை முடிந்ததும் வாசல் மணி அடித்தது. போய்விட்டு வந்த பெரிம்மா, பழக்கதோஷத்தில் மறுபடி முதல் நாற்காலியிலிருந்து தொடங்கினாள். அங்கே இருந்தது ‘வேணாம்’ பாப்பா. இரண்டு வயது. எதைக் கொடுத்தாலும் முதலில் வேணாம் என்பாள். அதனால் வந்த பெயர். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது சாப்பாட்டையும் முழுசாக விழுங்கினாள். பிறகு மடியெல்லாம் கக்கினாள். துடைக்கக் குனிந்த பெரிம்மாவின் தோளுக்கு மேலாக எட்டி எட்டி டிவியையே பார்த்தாள்.

பெரிம்மா நேரே நிர்வாகியம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

“பிள்ளைன்னா கக்கத்தான் செய்யும். அவ அம்மாகிட்ட வெயில்னு சொல்லிடு” என்றாள் நிர்வாகியம்மா.

“நாலு நாளா மழை கொட்டுது. எந்த வெயிலம்மா?”

“டிவி நல்லதா கெட்டதான்னு டாக்டருங்களே அடிச்சுக்கறாங்க. நீ என்ன தீர்ப்பு சொல்றது?”

“அவங்க அடிச்சுக்கட்டும். வயிறு நிறைஞ்சதுகூடத் தெரியாம ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கு. அடைக்கிற மூட்டை மாதிரி நானும் அடைச்சிருக்கேன்!”

“அப்போ நாளைக்குக் காலையில டிவி இல்லாம ஏழு பிள்ளைங்களையும் நீயே சமாளி. பத்து மணிக்குள்ள முடியலேன்னா சீட்டைக் கிழிச்சுடுவேன்.”

மறுநாள் காலை பெரிம்மா சீக்கிரமே வந்து டிவியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். பாப்பாவின் அம்மா வந்ததும் வாசலிலேயே சொன்னாள்: “நேத்து இவளுக்கு ரெண்டு தடவை ஊட்டிட்டேன். தப்பு என்னோடது. டிவில மூழ்கினதால அவளும் வாயை மூடல.”

அந்தம்மா முகம் சிவந்து நேராக நிர்வாகியின் அறைக்குள் போனாள்.

காலைக் கஞ்சி ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஊட்டி முடியவில்லை. இரண்டு பேர் அழுதார்கள். ஒருவன் கரண்டியைப் பிடுங்கி எறிந்தான். ஆறாவது கரண்டிக்கு ‘வேணாம்’ பாப்பா உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வேணாம்.”

பெரிம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நிர்வாகியம்மா கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தரை. பார்க்கட்டும் என்று பெரிம்மா அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தாள்.