இருவருக்கு ஒரு ஓட்டு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில்தான் அவளை முதலில் பார்த்தேன். மாட்டிக்கொண்டேன் என்று சொன்னாலும் சரிதான். இயர்போன் ஒயர் போனிலிருந்து கழன்றுவிட்டது. என் பழைய போனுக்குப் பாட்டைத் தானாக நிறுத்தத் தெரியாது. பெட்டி முழுக்க டிரம்ஸ். பூக்கூடையோடு இருந்த அம்மா திரும்பி முறைத்தார். யாருடைய மடியிலோ தூங்கிய குழந்தை அழத் தொடங்கியது. நான் பதறிப்போய் அணைக்கப் போனபோது, எதிர் சீட்டில் காட்டன் புடவையில் உட்கார்ந்திருந்த பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

"நிறுத்தாதீங்க. இன்னும் ஆர்கன் வரல."

அந்த இசையை எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. புரோகிரசிவ் ராக் என்று பெயர் சொன்னால், ராக் தெரியும், அதுக்கு முன்னால ஒட்டியிருக்கற வார்த்தை என்ன என்பார்கள். ஒரே பாட்டு கால் மணி நேரத்துக்கு மேல் போகும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், பாடுகிறவர் பாதியில் காணாமல் போய்விடுவார். என் கணவர் ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

எனக்கு இது ஒட்டிக்கொண்டது புதுச்சேரியில் படித்தபோது. விடுதி அறையில் என்னோடு இருந்தவள் வடகிழக்கிலிருந்து வந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது ஆங்கிலம் தடுமாறும். பேச்சு முடிந்துபோகிற இடத்தில் அவள் பாட்டைப் போட்டுவிடுவாள். என் ஊரான வளவனூரில் கரும்பு வெட்டுகிற காலத்தில் வீட்டுக்குப் போனாலும் தலைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கல்யாணம், விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. பாட்டைப் பற்றிப் பேச மட்டும் ஆள் இல்லை.

எதிர் சீட்டுப் பெண் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சின்ன வயதில் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவள். அந்தக் கருவியின் ஓசையைத் தேடிப் போனதில் இந்த இசைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்றே 'நீ'க்கு வந்துவிட்டோம். ஆனால் பெட்டியில் எல்லாரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டதால் எனக்கும் அவள் டீச்சர்தான். நான் அவளுக்கு லைப்ரரி.

மறுநாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வோம். முண்டியம்பாக்கம் தாண்டி ஒரு பாட்டைத் தொடங்கினால் பேரணி வரும்போது முடியும். பிறகு மயிலம் வரை சண்டை.

சண்டைக்குக் காரணம் ஒரு ஓட்டு. உலகம் முழுக்க இருக்கும் ரசிகர்கள் கூடுகிற இணையத் தளம் ஒன்றில் நான் உறுப்பினர். ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் எது என்று அடித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு ஓட்டு. ஏன் அந்த ஆல்பம் என்று சில வரிகளும் எழுத வேண்டும். டீச்சரைத் தனியாகச் சேரச் சொன்னேன்.

"அதெல்லாம் பேஜாரு. உன்னுதுலயே நானும் இருந்துக்கறேன்" என்றாள்.

அப்படித்தான் எங்கள் இருவருக்கும் ஒரே ஓட்டு ஆனது. அரைப் பரீட்சை லீவு விடுவதற்குள் இருவரும் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டாக வேண்டும். ஒத்துக்கொள்வது எங்களுக்குச் சுலபமாக வரவில்லை.

ஒரு டிசம்பரில் நான் நார்வேக்காரர்கள் போட்ட ஒரு ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இத்தாலியிலிருந்து வந்த ஒன்றை.

"உன் ஆளு கிட்டாரு எடுத்தா கீழ வெக்க மாட்டேன்றான். ஊரு தெரியாத பஸ்சு மாதிரி சுத்திக்கினே இருக்கான்."

"சுத்தட்டுமே டீச்சர். கடைசியில கொண்டுவந்து எறக்கி உடறான் இல்ல?"

"எறங்கற எடத்துக்கு நேராவே போயிருக்கலாமே?"

"நேராப் போறவங்க இந்தப் பாட்டு எதுக்குக் கேக்கறாங்க?"

அதற்கும் அவள் விட மாட்டாள். நல்ல ஆல்பம் என்றால் அதில் ஒரு இடத்திலாவது நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போக வேண்டும், ஒரு இடத்தில் மட்டும், எல்லா இடத்திலும் அல்ல என்பது அவள் கட்சி. முதலிலிருந்து கடைசி வரை ஒரு பாட்டைக்கூட எடுத்துவிட முடியாதபடி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மயிலத்தில் ஏறி, அவித்த வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கும் அக்கா எங்கள் சண்டையைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னாமா, இன்னும் முடியலயா உங்க பஞ்சாயத்து? பங்காளிங்ககூட இவ்ளோ பேச மாட்டாங்க" என்பார். அந்த வருஷம் இத்தாலி ஜெயித்தது. காரணத்தை அவள் சொல்லச் சொல்ல, பிடிக்காத ஆல்பத்தைப் புகழ்ந்து நானே ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதி முடித்தபோது அது எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது.

அந்த டிசம்பர்களில் திண்டிவனம் ஏன் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று இருக்கும். இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்தால் என்ன என்று அவளும் ஒருமுறை கேட்டாள்.

பிறகு ஒரு ஜூலை மாதக் காலை. விழுப்புரத்தில் ஏறி உட்கார்ந்ததும் வழக்கம்போல இடது பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். காதில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"உன் இயர்போன் போச்சு. இந்தப் பக்கம் ஓடல."

வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். ஓடியது. திருப்பிக் கொடுத்தேன். மறுபடி இடது காதில் வைத்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் அதை எடுத்து அவளுடைய வலது காதில் வைத்தேன். அவள் கண் என் முகத்தில் நின்றது. இந்தக் காதில் கேட்டது.

"காத்தாலேருந்து ஒரு பக்கம் அடைச்ச மாதிரி இருந்திச்சு. சளின்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள்.

முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றது. அங்கேதான் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் அவள் கையைப் பிடித்தேன். "எறங்கு டீச்சர், ஜல்தியா எறங்கு." இன்னிக்கு டெஸ்ட் இருக்கு, லீவு சொல்லவில்லை என்று ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கினாள். ஆட்டோவில் போகும்போது ஒரு காதைப் பொத்தியும் திறந்தும் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பார்க்காதது மாதிரி வெளியே பார்த்தேன்.

உடனே வந்தது நல்லது என்றார் டாக்டர். அவர் எங்களைவிடச் சின்னப் பெண். சில பேருக்கு இப்படித் திடீரென்று கேட்காமல் போகும், சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது என்று மறைக்காமல் சொன்னார். மாத்திரை, ஊசி, கேட்கும் திறனுக்கு மறுபடி மறுபடி பரிசோதனை எல்லாம் நடந்தது. அவளுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகும் தினம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நல்ல காது என் பக்கம் இருக்கும்படி இடம் மாற்றிக்கொண்டாள். மாமியாரின் முட்டிவலி, பள்ளிக்கூடத்துச் சண்டை எல்லாம் பேசினோம். இயர்போனை மட்டும் வாங்கவில்லை. நானும் எடுக்கவில்லை. டிசம்பர் வந்தது. ஓட்டு என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"பாதி கேக்கறவளுக்கு எதுக்கு ஓட்டு? நீயே போட்டுக்கோ."

நான் போடவில்லை. அந்த வருஷம் எங்கள் ஓட்டு இல்லாமலே போனது. தளத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் நான் ஒன்று செய்துகொண்டிருந்தேன். இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வலது காதால் மட்டும் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு என்ன கேட்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். தெரிந்த பாட்டுகள்கூட ஆள் குறைந்த வீடு மாதிரி இருந்தன. இதை ஒருநாள் அவளிடம் சொன்னேன். நெகிழ்ந்துபோவாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் காதுக்கு நீ எதுக்கு விரதம் இருக்கற? ஒனக்கு ரெண்டு இருக்குது இல்ல, ரெண்டுலயும் கேளு. கேட்டுட்டு வந்து சொல்லு."

பேரணி வந்ததும் அவளே கேட்டாள். "இன்னா கேட்ட, சொல்லு."

நூலகத்தில் கணினி பார்க்கும் பையன்கள் யாரோ பேசிக்கொண்டதில்தான் எனக்கு அது தெரிந்தது. போனிலேயே ஒரு அமைப்பு இருக்கிறதாம். அதைப் போட்டால் இடது பக்கம் வருவதும் வலது பக்கம் வருவதும் ஒன்றாகக் கலந்து ஒரே காதில் வரும். அன்று சாயங்காலம் திண்டிவனம் பிளாட்பாரத்தில், திரும்புகிற வண்டிக்குக் காத்திருந்தபோது அவள் போனை வாங்கி அதைத் தேடிப் போட்டேன். அவள் முதலில் தள்ளிவிட்டாள். பிறகு வாங்கி வலது காதில் வைத்துக்கொண்டாள். பழைய இத்தாலி ஆல்பம். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டும் கேட்டாள். எங்கள் வண்டி வந்தது. கையால் காத்திரு என்று காட்டினாள். வண்டி போய்விட்டது.

"எப்படி இருக்கு?"

"கூட்டமா இருக்கு" என்றாள். "எல்லாரும் ஒரே கதவால உள்ள வர்ற மாதிரி. ஆனா வர்றாங்க."

கண் துடைத்தாளா என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பு முகத்தில் இருந்தது. அடுத்த வண்டி வர நேரமானது. வீட்டுக்குப் போன் செய்து இருவரும் பொய் சொன்னோம்.

அடுத்த டிசம்பரில் அவள் முன்னைவிட மோசமான எதிராளியாகிவிட்டாள். அந்த வருஷம் எல்லாரும் கொண்டாடிய ஆல்பம் ஒன்று இருந்தது. எனக்கும் அதுதான். ஒலி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்து பறந்து போகும்.

"பந்தத் தூக்கிப் போட்டு வெளாடிக்கினு இருக்கானுங்க" என்றாள். "ஒரு காதுல கேட்டுப் பாரு. பந்து மட்டும்தான் இருக்கு. பாட்டு இல்ல."

அன்றிரவே பஞ்சை வைத்துக் கேட்டேன். அவள் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதிக்காக மறுநாள் விக்கிரவாண்டியிலிருந்து மயிலம் வரை கத்திக்கொண்டோம். கடைசியில் போலந்திலிருந்து வந்த அமைதியான ஒரு ஆல்பத்துக்கு இருவரும் இறங்கி வந்தோம். காரணம் எழுதுகையில், ஒரு காதில் கேட்டாலும் குறையாதது என்று எழுதச் சொன்னாள். அதற்கு எங்கிருந்தோ ஒருவர் பதில் போட்டிருந்தார். தனக்கும் ஒரு காதுதான் என்றும், அந்த வரிக்காகவே ஆல்பத்தை வாங்கியதாகவும். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றாள்.

அந்தக் கோடையில் அவள் கணவருக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்தது. அவளும் ஆசிரியர் மாற்றல் கவுன்சிலிங்கில் அங்கேயே இடம் வாங்கிக்கொண்டாள். கடைசி நாள் பெட்டியில் மல்லாட்டை அக்கா ஒரு பொட்டலத்தை அவள் பையில் திணித்தார். திண்டிவனத்தில் இறங்கி, அவள் பள்ளிக்குப் போகும் பக்கம் அவளும், என் கல்லூரி பஸ் நிற்கும் பக்கம் நானும் போனோம்.

போன் இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். முதலில் வாரம் தவறாமல் பேசினோம். அவளுக்குப் புதுப் பள்ளி, ஸ்கூட்டரில் போய் வருகிறாள், ரயில் இல்லை. ரயில் இல்லாதவர்களுக்குப் பாட்டு கேட்க நேரம் எங்கே இருக்கிறது? நான் அனுப்புகிறவற்றுக்குக் கட்டைவிரல் படம் வரும். பிறகு அதுவும் தாமதமாக வரும். பெட்டியில் இயர்போனின் ஒரு பக்கம் என் மடியில் கிடக்கும். வலது காதில் மட்டும் மாட்டிப் பழகியதால் இரண்டையும் மாட்டினால் என்னமோ மாதிரி இருக்கிறது.

போன டிசம்பரில் அவளைக் கூப்பிட்டேன். ஓட்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் எடுத்தாள்.

"இந்த வருஷம் நான் ஒண்ணுகூடக் கேக்கலடி" என்றாள். அவள் என்னை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஓட்டைப் பற்றிப் பேச்சை எடுக்காமல் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள்தான், "நீ இன்னா வெச்சிருக்கற? சொல்லேன், சாப்பிட்டுக்கினே கேக்கறேன்" என்றாள்.

நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னேன். ஜப்பான்காரர்கள் போட்டது, முதல் பாட்டு பியானோவில் தொடங்கும், யாரோ படி ஏறி வருவது மாதிரி டிரம்ஸ் வரும், நடுவில் எல்லாம் நின்றுவிடும், போன் கெட்டுவிட்டதா என்று பார்ப்போம் என்று. வாயால் தாளம் போட்டும் காட்டினேன். அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் சத்தம் மட்டும் கேட்டது.

"நின்னப்புறம் எது மொதல்ல வருது?"

"கிட்டாரு."

"தப்பு. அங்க கீபோர்டுதான் வரணும்."

"நீ கேக்கவே இல்லையே டீச்சர்."

"கேக்காமயே தெரியுது. அங்க கிட்டாரு வந்தா அந்த நிறுத்தம் வீணு."

ஆல்பத்தைக் கேட்காத ஒருத்தியோடு நான் வாதாடினேன். குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன், மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மணி அடித்ததும் அவள், "சரி, அனுப்பி வை. கேட்டுட்டுப் பேசறேன். அதுக்குள்ள ஓட்டப் போட்டுடாத" என்று வைத்துவிட்டாள்.

போடவில்லை. கடைசி நாள் வரை பார்த்தேன். அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை, ஓட்டும் முடிந்துபோனது. யார் ஜெயித்தார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், விக்கிரவாண்டியில் வண்டி சிக்னலுக்காக நின்றிருந்தபோது போன் அடித்தது.

"நேத்து கேட்டேன்" என்றாள், ஹலோகூடச் சொல்லாமல். "மொதல் பாட்டு நீட்டம். பாதியா வெட்டியிருக்கலாம்."

"எந்தப் பாதிய வெட்டுவ?"

சொன்னாள். எனக்கு மிகவும் பிடித்த பாதி அது. நான் விடவில்லை, அவளும் விடவில்லை. வண்டி நகர்ந்து, பேரணிக்கு முன்னால் போன் சிக்னல் அறுந்துபோனது. மறுபடி கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. அவள் வகுப்புக்குப் போயிருப்பாள். சொல்ல வேண்டிய பதில் அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நல்ல பதில். அதை வைத்துக்கொண்டு, பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தபடி திண்டிவனம் வரை போனேன். அவள் அங்கே உட்கார்ந்திருந்து, "அதுக்கின்னா இப்ப?" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.