அண்ணன் உட்கார்ந்த ஈரத் தரை

என் அண்ணன் சாயப் பட்டறையில் பாய்லர் ஆள். போன மழைக்காலத்தில் பாய்லர் அடுப்பைத் திறந்தபோது தீ வெளியே பாய்ந்து, கூட வேலை பார்த்த நெட்டையன் அவன் கண்ணெதிரே எரிந்து செத்தான். அண்ணனுக்கு முழங்கையில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். தப்பித்துவிட்டான் என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டாலே அவனுக்கு வியர்த்துக் கொட்டும். தூங்கினால் அலறிக்கொண்டு எழுவான்.

யோசனை சொல்லச் சொந்தக்காரர்களுக்கு வாயா வலிக்கும்? சித்தி மூலிகைத் தைலம் கொண்டுவந்தாள். மாமா வெறுங்காலோடு புல்லில் நடக்கச் சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, நடை கொஞ்சம் உதவியது. அதைவிட உதவியது அவனே கண்டுபிடித்த வைத்தியம். குளியலறை ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, திறந்த குழாய்க்கடியில் கையை வைத்திருப்பான். மூச்சு சீராகிவிடும். அண்ணிதான் வந்து குழாயை மூடுவாள்.

"தொட்டி காலியாகுதுங்க. சின்னப் பிள்ளையா நீங்க?"

அவன் முதலாளிகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: துணி மடிக்கும் பக்கம் மாற்றிவிடுங்கள். மேனேஜர் தோளில் தட்டினார்.

"முதல்ல மனசைச் சரி பண்ணுவோம்பா. மாத்திரை, ஆஸ்பத்திரி எதுவும் வேணாம். கம்பெனி செலவுல இயற்கை வைத்தியம். முடிச்சிட்டு வா, பாக்கலாம்."

துணைக்குத் தங்கச்சி நான்தான் அந்த இயற்கை வைத்திய நிலையத்துக்குப் போனேன். பாய் விரித்திருந்தார்கள், மெல்லிய இசை, பூ வாசனை. என்ன நடந்தது என்று அங்கே தியானப் பயிற்சி கொடுக்கும் அம்மா அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் கண்ணை மூடச் சொன்னாள்.

"உச்சந்தலையில கதகதப்பா ஒரு வெளிச்சம் படுது. கழுத்து, தோள், கைன்னு உடம்பு முழுக்கப் பரவுது. தடுக்காதீங்க, விடுங்க."

அண்ணன் அலறி எழுந்தான். தீயை அணைப்பதுபோலக் கையைத் தட்டித் தட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினான்.

"நெருப்புல மாட்டினவர்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றாள் அந்த அம்மா.

"நீங்க கேட்டீங்களா?" என்றேன். வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பாயைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

மேனேஜர் கையை விரித்துவிட்டார். "இயற்கை வைத்தியமே ஒத்துக்கலைன்னா நாங்க என்ன பண்றது? எங்க கடமையை முடிச்சிட்டோம். திங்கக்கிழமை பாய்லருக்கு வா. இல்லன்னா வேற இடம் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தான். அண்ணி வந்தாள். மூடவில்லை. தொட்டி தீர்ந்து குழாய் நின்றபிறகும் அவன் கை அங்கேயே இருந்தது. அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, வாளியிலிருந்து மொண்டு மொண்டு அந்தக் கையில் ஊற்றினாள்.

"போகாதீங்க," என்றாள்.

"போகலைன்னா?"

அவள் வாளியைச் சாய்த்து மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள்.

காலையில் பட்டறைச் சங்கு ஊதியது. அண்ணன் நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு பாய்லருக்குப் போனான்.